எக்செலில் 100 வரி, பிரபஞ்சத்தின் வயது

நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தசைட் பாறைக்கு வயது குறைந்தது 250 கோடி ஆண்டு. சந்திரயானுக்காக நிலா மண் மாதிரி அரைத்ததும் இந்த வட்டாரத்துக் கல்லைத்தான். 1929-ல் வானியலாளர் ஹபிள் சொன்ன பிரபஞ்ச விரிவு வேகமோ மெகாபார்செக்குக்கு (சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டுத் தூரம்) நொடிக்குச் சுமார் 500 கி.மீ. 978-ஐ அந்த வேகத்தால் வகுத்தால் பிரபஞ்சத்தின் தோராய வயது நூறு கோடி ஆண்டு என்ற அலகில் வரும் (மெகாபார்செக்கைக் கி.மீ. ஆகவும் நொடியை ஆண்டாகவும் மாற்றினால் மிஞ்சும் எண் இந்த 978). இங்கே 1.96, அதாவது 196 கோடி. பிரபஞ்சத்தை விட நம்மூர்க் கல் மூத்தது! கோளாறு தூரத்தை அளந்ததில். தூரம் அளக்க உதவும் செபீடு விண்மீன்களில் (ஒளி கூடிக் குறைபவை) இரண்டு வகை உண்டு என்று 1952-ல் வானியலாளர் பாதே அறிவித்த பிறகு தூரங்கள் ஏறத்தாழ இரட்டிப்பாயின.

இன்றைய கணக்கை வீட்டிலேயே போடலாமுங்க. பிரபஞ்சம் விரியும் விதத்தைச் சொல்லும், ஃப்ரீட்மன் 1922-ல் எழுதிய சமன்பாடு போதும். பிளாங்க் விண்கலத்தின் எண்கள்: விரிவு வேகம் 67.4; மொத்தத்தில் பருப்பொருளின் பங்கு 0.315, விரிவை வேகப்படுத்தும் இருள் ஆற்றலின் பங்கு 0.685. 978-ஐ 67.4-ஆல் வகுக்க 14.51, அதாவது 1451 கோடி ஆண்டு. பலர் இதையே வயது என்று எழுதிவிடுகிறார்கள். இது வெறும் அலகு; இன்னும் வேலை இருக்கிறது.

முதல் நெடுவரிசையில் பிரபஞ்சத்தின் அளவு: 0.005, 0.015 என்று 0.995 வரை 100 வரி. இன்றைய அளவு 1. அடுத்த நெடுவரிசையில், 0.315-ஐ அளவால் வகுத்து, 0.685-ஐ அளவின் வர்க்கத்தால் பெருக்கி, இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்க. 0.01-ஐ அதால் வகுத்து 1451-ஆல் பெருக்கினால், அந்த ஒரு சதவீதம் வளரப் பிடித்த காலம் கோடி ஆண்டுகளில் கிடைக்கும். மொத்தக் கூட்டல் சுமார் 1380.

பூஜ்யத்தில் தொடங்கினால் வகுத்தல் பிழை காட்டும். 0.01, 0.02 என்று போட்டால் 7 கோடி கூடும். பருப்பொருளை மாற்றிவிட்டு இருள் ஆற்றலை மறப்பதுதான் அடிக்கடி நடப்பது. இரண்டும் சேர்ந்து 1 ஆகாவிட்டால் வெளியின் வளைவுக்கும் ஓர் உறுப்பு சேர்க்க வேண்டும். கதிர்வீச்சை விட்டதால் வயதுக்குப் பெரிய சேதமில்லை.

பருப்பொருள் 1, இருள் ஆற்றல் 0 என்று போட்டால் 967 கோடிதான் வரும். 1200 கோடி ஆண்டைத் தாண்டிய விண்மீன் திரள்களான கோளக் கொத்துகள் கண்ணெதிரே இருக்க, 1998-ல் இருள் ஆற்றல் தெரியவரும் முன் இந்தக் கணக்கு பெரிய தலைவலி.

மீண்டும் பழைய எண்களுக்கு வந்து இரண்டாம் நெடுவரிசையை மேலிருந்து கீழே பாருங்க. முதல் வரியில் 1.8, 0.505-ல் 16.2, 0.615-ல் 16.5, கடைசியில் 14.5. ஏறி இறங்குகிறதல்லவா? விரிவு வேகம் குறைவது நின்று கூடத் தொடங்கிய இடம் அந்த உச்சம். அதுவரை கூட்டினால் சுமார் 770 கோடி. இன்றிலிருந்து 610 கோடி ஆண்டுகளுக்கு முன்.