நொண்டியடித்த மெட்ரோனோம்

மாமா வீட்டுப் பரணில் கிடந்த மெட்ரோனோமை, சாவி கொடுத்தால் தாளத்துக்கு டிக் டிக் என்று அடிக்கிற பெட்டியை, பாளையங்கோட்டைக்குத் தூக்கிவந்து ஒரு வாரம் ஆகிறது. முதல் நாள் பட்டாசாலையில் தரையில் வைத்து, நிமிடத்துக்கு 60 டிக் என்று வைத்து, வயலினில் சரளி வரிசை என்கிற ஆரம்பப் பாடத்தைத் தொடங்கினால் கை ஒரு பக்கம், டிக் டிக் ஒரு பக்கம். என் வில்தான் ஓடுகிறது என்று நினைத்து அரை மணி நேரம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அடுக்களையிலிருந்து அம்மா, "ஏட்டி, அது நொண்டுதுட்டி, கேக்கலையா உனக்கு?" என்றாள். கேட்டால், ஆமாம்! டிக்டக்... டிக்டக்... தரை வாட்டம்தான் காரணம், பெட்டி சாய்ந்திருந்தால் ஊசல் ஒரு பக்கம் சீக்கிரம் திரும்பிவிடும். பஸ் டிக்கெட்டை நாலாக மடித்து ஒரு காலுக்கு அடியில் வைத்தேன், சரியாகிவிட்டது.

இதில் எனக்கு ஆச்சரியமே வேறு. நிமிடத்துக்கு 40 டிக் போட சாதாரண ஊசல் ஏழடிக்கு மேல் நீளம் வேண்டும். அதை ஒரு சாண் பெட்டிக்குள் அடக்கியது, அச்சுக்குக் கீழே ஒளிந்திருக்கும் இன்னொரு எடை. மேலே உள்ள குண்டை ஏற்றினால் மெதுவாகும், இறக்கினால் வேகம். 1814ல் ஆம்ஸ்டர்டாமில் இதைச் செய்தவர் விங்கல், 1815ல் காப்புரிமை வாங்கிக்கொண்டவர் மெல்சல். பேரும் அவருக்கே போய்விட்டது, பாவம் விங்கல்.

போனில் ஆப் இருக்கே என்பார்கள். இருக்கு, நடுவில் அழைப்பும் வருதே.

இப்போது இரண்டாம் காலத்துக்கும், அதாவது இரட்டை வேகத்துக்கும், 60ஐ மாற்றுவதில்லை, ஒரு டிக்குக்கு இரண்டு ஸ்வரம். மூன்றாம் காலத்தில் நாலு, அங்கேதான் இன்னும் உதைக்கிறது. நாலாவது ஆவர்த்தனத்தில், அதாவது தாளச் சுற்றில், அம்மா அடுக்களையில் தேங்காய் துருவுவதை நிறுத்திவிடுகிறாள், அதுவே போதும், தாளம் தப்பிவிட்டேன் என்று தெரிந்துவிடும்.