புகார்க் கடிதத்தின் மூன்றாவது வரி

ஆஸ்திரேலியாவில், வீட்டுப் பொருள்களை இறக்குமதி செய்து கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் என் வேலை. தரக் கட்டுப்பாடு என்று பெயர். பாதி நேரம் போவது என்னவோ புகார்களைப் படிப்பதில்தான்.

'எனக்குக் காயம் பட்டுவிட்டது' என்று ஆரம்பித்து யாரும் எழுதுவதில்லை. காசைத் திருப்பிக் கொடு என்றுதான் ஆரம்பிப்பார்கள். காயம் மூன்றாவது வரியில் போகிறபோக்கில் வரும். ஒரு குளிர்காலத்தில் வந்த மின்னஞ்சல் அப்படித்தான். ரப்பர் வெந்நீர்ப் பை ஓரத்தில் பிளந்துவிட்டது, மெத்தை நனைந்துவிட்டது, ரசீது இணைத்திருக்கிறேன். அப்புறம், தொடையில் கொப்புளம், கிளினிக்கில் நர்ஸ் கட்டுப் போட்டார். விற்பனைப் பிரிவில் அதைப் படித்தவர், பணத்தோடு ஒரு கூப்பனும் அனுப்பி முடித்துவிடலாம் என்றார். நல்ல மனுஷர், வாடிக்கையாளரைக் குளிர்விக்கத்தான் பார்த்தார்.

ஆனால் நர்ஸ் கட்டுப் போட்டதுமே அது வெறும் புகார் இல்லை. 2011 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் 131ஆம் பிரிவுப்படி, ஒரு பொருளால் மரணமோ, மருத்துவர் அல்லது நர்ஸ் சிகிச்சை தேவைப்படும் கடுமையான காயமோ நோயோ நேர்ந்ததாகத் தெரியவந்தால் 2 நாளுக்குள் அரசுக்குச் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டும் என்றில்லை. அறிக்கை போவது போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் வழியாக. தயாரித்தவர், இறக்குமதி செய்தவர், கடைக்காரர் எல்லாருக்கும் தனித்தனியாக இந்தக் கடமை உண்டு. 'கடைக்காரர் சொல்லியிருப்பார்' என்று சும்மா இருக்க முடியாது.

காரணத்தை நாம் முதலில் நிரூபிக்க வேண்டியதும் இல்லை. பொருளால்தான் ஆகியிருக்கலாம் என்று வாடிக்கையாளர் நினைத்தாலே போதும். தெளிவாகவே சம்பந்தமில்லை, அல்லது சம்பந்தமிருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றால் மட்டும் விலக்கு. 'கொதிநீர் ஊற்றாதே என்று அட்டையில் போட்டிருக்கிறோமே' என்ற வாதமும் எடுபடாது. எதிர்பார்க்கக்கூடிய தவறான பயன்பாடும் சட்டத்துக்குள் வருகிறது. கெட்டிலில் கொதித்ததை அப்படியே ஊற்றுவார்கள் என்று எங்களுக்குத் தெரியாதா என்ன?

தயங்குவதற்கு உண்மையான காரணம் பயம். எழுதிக் கொடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம். அறிக்கை கொடுப்பதை எதற்காகவும் பொறுப்பை ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அதே பிரிவிலேயே எழுதியிருக்கிறது. என்னைக் கேட்டால், புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அந்த ஒரு வரியைத்தான் முதலில் படித்துக் காட்ட வேண்டும்.

படிவத்தில் சிரமமான இடம் எண்ணிக்கை. எப்போது, எத்தனை இறக்குமதியானது, எத்தனை விற்றது என்று கேட்பார்கள். கிடங்குக்குப் போனேன். அங்கே மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். வெந்நீர்ப் பையின் கழுத்துப் பக்கம் பூ மாதிரி ஒரு அச்சு இருக்கும். நடுவில் ஆண்டு, இதழ்களில் மாதம். மிச்சமிருந்த பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர், "தம்பி, இது முந்தின வருசத்துச் சாமான். அந்த மனுசி புதுசெண்டு நினைச்சிருப்பா" என்றார். வாங்கிய தேதி ரசீதில் இருக்கிறது, ரப்பரின் வயது அந்தப் பூவில் இருக்கிறது. படிவத்தில் இரண்டையும் எழுதினேன். மிச்சச் சரக்கை நிறுத்தி வைத்ததையும் எழுதினேன்.

ஒரு கம்பெனிக்கு இது ஒரே ஒரு சம்பவம். பத்து கம்பெனிகளின் ஒற்றைச் சம்பவங்களைச் சேர்த்துப் பார்க்க ஆணையம் மாதிரி வேறொருவர் வேண்டும். சின்னக் காசு மாதிரி இருக்கும் பட்டன் பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். ரிமோட், பொம்மை, மின்மெழுகுவத்தி, எடை மெஷின் என்று எதில் வேண்டுமானாலும் இருக்கும். குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே உள்ளே வெந்துவிடும். இங்கே 3 குழந்தைகள் இறந்த பிறகுதான் கட்டாயத் தரநிலைகள் வந்தன. 2022 ஜூன் 22 முதல் அமல்.

இப்போது எங்கள் தொலைபேசிப் பிரிவில், பணத்தைத் திருப்புவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்கிறோம்: யாருக்காவது அடிபட்டதா, டாக்டரோ நர்ஸோ பார்த்தார்களா? பொருளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்றும் சொல்லிவிடுகிறோம். ஒரு நட்சத்திர விமர்சனங்களையும் நான்தான் படிக்கிறேன். பெரும்பாலும் டெலிவரி தாமதம் பற்றித்தான் திட்டியிருப்பார்கள். இருந்தாலும் கடைசி வரி வரை படித்துவிடுகிறேன்.