மீற்றர் காட்டுறத அப்பிடியே சொல்லுறது

நேர்மை, நியாயம் எண்டு கதை தொடங்கினா எல்லாரும் கொழும்பில நடக்கிற பெரிய ஊழலுகளத்தான் இழுப்பினம். எனக்கு எண்டா அது அரிவு வெட்டு நேரம் தராசடியில மூட்டைக்கு மூட்டை நடக்கிற விசயம். கிளிநொச்சிப் பக்கம் நெல்லு வாங்கிற ஒரு இடத்தில கணக்கெழுதுறன், அதால எனக்குத் தெரிஞ்சதையே எழுதுறன்.

காலபோக நெல்லு மாசி, பங்குனியில வெட்டுப்படும். முந்தி மாதிரி கதிரக் கட்டிச் சூடா அடுக்கி வைச்சு ஆறுதலா அடிக்கிற காலம் இல்ல, மெசின் வயலுக்க இறங்கினா கொஞ்ச நேரத்தில நெல்லு ஈரத்தோட மூட்டையாகிடும், காயப்போட களமும் இல்ல, ரோட்டுக்கரையில படங்கு விரிச்சாலும் மழை இருட்டினா ஓடி ஓடி அள்ளோணும், அதுக்குள்ள மெசின் காசு, ட்ரக்டர் கூலி, பாங்கில ஈடு வைச்ச நகை எண்டு எல்லாம் ஒரே கிழமையில கழுத்தில வந்து நிக்கும். நெல்லோட வாறவர் எங்கட கேற்றுக்கு வரேக்கையே பேரம் பேசுற நிலமையில இல்ல. ஈரத்துக்கு எண்டு நிறையில எவ்வளவு கழிக்கிறது எண்டது முழுக்க எங்கட கையில.

கணக்கப் பாருங்கோ. 2025 பெப்ரவரியில அரசாங்கம் அறிவிச்ச விலை, நாடு எண்ட நெல்லினம் கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132. அது ஈரப்பதன் 14 வீதத்துக்குள்ள காஞ்ச நெல்லுக்கு. 18 வீத ஈரத்தோட வாற 100 கிலோவக் காய வைச்சு 14க்குக் கொண்டுவந்தா மிஞ்சிறது ஏறக்குறைய 95.3 கிலோ. அப்ப நியாயமான கழிவு 4.7 கிலோ, காய வைக்கிற கூலி வேணுமெண்டா அதச் சொல்லித் தனியா எழுதலாம். ஆனா "ஈரம்" எண்டு ஒரு சொல்லச் சொல்லி 100 கிலோவுக்கு 8 கிலோ கழிச்சா? 2,000 கிலோ கொண்டுவந்த ஆளுக்கு, 120 ரூபாப்படி பார்த்தா, நியாயமான கழிவுக்கு மேல கிட்டத்தட்ட 8,000 ரூபா போகுது. அந்த ஆள் அதக் கேக்கவும் மாட்டார், ஏனெண்டா ஈரம் அளக்கிற மீற்றர் அப்ப எங்கட பக்கம் திரும்பி நிண்டது.

முதலாளி ஒருக்கா, "எல்லா இடமும் இப்பிடித்தான் பிள்ளை, நாங்கள் மட்டும் என்ன செய்யிறது" எண்டார். அவரையும் நான் கெட்டவர் எண்டு சொல்ல மாட்டன், ஆலைக்காரர் அவரிட்டயும் கழிக்கினம், நட்டம் மேல இருந்து கீழ வந்து கடைசியா வயலில நிக்கிறவன்ர தலையில விழுது. ஆனா எல்லாரும் செய்யினம் எண்டதால அந்த 8,000 ரூபா ஆற்ற காசு எண்டது மாறிடுமோ? இதத்தான் அவரிட்டயும் கேட்டன். பிறகு ஈரப்பதனுக்கு எவ்வளவு கழிவு எண்டு ஒரு அட்டவணை அடிச்சு தராசுக்குப் பக்கத்தில ஒட்ட விட்டார். மீற்றரையும் வெளிப்பக்கம் திருப்பி வைச்சிருக்கிறம்.

மற்றப் பக்கமும் இருக்கு. நடுவில ஈர மூட்டைய வைச்சு மேல காஞ்சத அடுக்கிக்கொண்டு வாறவையும் இருக்கினம். சொந்தக்காரர் வந்து "மச்சாள், ஒரு ரெண்டு புள்ளி குறைச்சுப் போடுங்கோ" எண்டு கேக்கேக்க வாய் திறந்து இல்லை எண்டு சொல்லுறது முதலாளியோட கதைச்சதவிடக் கஸ்டம், அவை வீட்டுக் கலியாணத்துக்கு நாளைக்கு நான் போகோணும். ஆனா அவருக்குக் குறைச்சா, பின்னால லைனில நிக்கிற அந்த விதவை அம்மாக்கு என்ன முகத்தோட 18 எண்டு வாசிக்கிறது? ஆர் நிண்டாலும் மாதிரி எடுக்கிற குத்தூசி மேல, நடு, அடி மூண்டு இடத்திலயும் குத்தும். அத முதலே முடிவெடுத்து வைச்சிருக்கோணும், ஆள் முன்னால நிக்கேக்க யோசிச்சா மனம் இளகிடும், இல்லாட்டிப் பயந்திடும்.

நெல்லு விக்கிறவைக்கு ஒண்டு சொல்லுறன். கூச்சப்படாம மீற்றரக் காட்டச் சொல்லுங்கோ, மாதிரிய உங்கட கண் முன்னால எடுக்கச் சொல்லுங்கோ, தராசில வருசா வருசம் குத்துற முத்திரை இருக்கோ எண்டும் பாருங்கோ. வீட்டில ஐஞ்சு கிலோ படிக்கல்லு இருந்தா கொண்டுபோய் வைச்சுப் பார்த்தாலும் பிழையில்ல. நேர்மையா நிறுக்கிறவன் அதுக்குக் கோவிக்க மாட்டான்.