கறிவேப்பிலை மரமும் ஒரு தேன்பெட்டியும்

இந்தியப் பெருங்கடலில் பிரான்சைச் சேர்ந்த ரியூனியன் தீவின் செயின்ட் ஆந்த்ரேயில், எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு ஆண்டுகளாக ஒரே ஒரு தேன்பெட்டி வைத்திருக்கிறேன். அதில் குடியிருப்பவை மடகாஸ்கரிலும் இத்தீவுகளிலும் வாழும் கருநிறத் தேனீக்கள், சாதுவானவை. பெட்டிக்குப் பத்தடி தள்ளி ஒரு கறிவேப்பிலை மரம் நிற்கிறது. கிரியோல் பேசும் அண்டை வீட்டார் அதைக் ‘கலுப்பிலே’ என்கிறார்கள். நம் சொல்தான், கடல் கடந்து தேய்ந்திருக்கிறது.

அக்டோபர் இறுதியில் அதன் துளிர்கள் சுருண்டன. சைலிட் என்னும் சாறுறிஞ்சும் பூச்சியின் குஞ்சுகள் வெண்மெழுகு நூலோடு அடியில் அப்பியிருந்தன. ஊரிலிருந்து வந்த உறவினர் எப்போதோ விட்டுச்சென்ற இமிடாகுளோபிரிட் என்னும் பூச்சிமருந்துப் புட்டியில் சிறிது மிச்சமிருந்தது; ஒரு மாலை அதைக் கலந்து தெளித்துவிட்டேன். அது சேர்ந்த நியோநிகோட்டினாய்டு வகை மருந்துகள் பிரான்சில் 2018 செப்டம்பரிலிருந்து தடைசெய்யப்பட்டவை என்பதும், 2019 ஜனவரி 1 முதல் வீட்டுத் தோட்டக்காரர் செயற்கைப் பூச்சிமருந்தை வைத்திருப்பதே குற்றம் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு மரம்தானே என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து மரம் பூத்தது. நவம்பர் 17 காலை, பெட்டி வாசலில் 38 தேனீக்கள் கிடந்தன, மறுநாள் 61. சில இன்னும் சாகவில்லை. மல்லாந்து கிடந்து கால்களை உதறின, உறிஞ்சுகுழல் வெளியே நீண்டிருந்தது. 2017இல் இத்தீவுக்குள் வந்த, தேனீக்களில் ஒட்டி வாழும் வரோவா உண்ணிதான் காரணமோ என்று முதலில் ஐயுற்று, சுமார் முந்நூறு தேனீக்களைப் பொடிச்சர்க்கரையில் குலுக்கிப் பார்த்தேன். மூன்று உண்ணிகளே உதிர்ந்தன. அது சாவுக்குப் போதாது. பிறகுதான் தலையை நிமிர்த்தி மரத்தைப் பார்த்தேன். பூங்கொத்துகளில் தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன.

இந்த மருந்து இலையின் மேல் தங்கி மழையில் கழுவிப்போகும் வகையன்று; சாற்றோடு செடிக்குள் ஓடி, பூந்தேனிலும் மகரந்தத்திலும் கலந்துவிடும். தேனீயின் நரம்பணுக்களிலுள்ள ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு விடாமல் தூண்டுவதால்தான் அந்த நடுக்கம். உள்ளே போனால் பாதித் தேனீக்களைக் கொல்லும் அளவு, ஒன்றுக்கு ஏறத்தாழ 3.7 நானோகிராம், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் நான்கு பங்குக்கும் குறைவு. அதைவிடக் குறைவாக உண்டது சாகாவிட்டாலும் வழி மறந்து கூடு திரும்பாமல் போகக்கூடும். ஆகவே வாசலில் நான் எண்ணியது இழப்பில் ஒரு பகுதியாகத்தான் இருக்கும்.

அன்றே எல்லாப் பூங்கொத்துகளையும் வெட்டி மூடிய பையில் கட்டினேன். ஒன்பது நாளில் சாவு அன்றாடம் இரண்டு மூன்றாகக் குறைந்தது.

பிப்ரவரியில் சைலிட் திரும்பி வந்தது. இம்முறை துளிர்களைக் கிள்ளி எறிந்து, மிச்சத்தைப் பொழுது சாய்ந்தபின் சோப்புநீரால் கழுவினேன். (வேப்பெண்ணெய் இயற்கையானது என்பதற்காகப் பூவின் மேல் அடிக்காதீர்கள், அது தேனீப் புழுக்களின் வளர்ச்சியைக் கெடுக்கும்.) நான்கு நாள் கழித்து உருப்பெருக்கியில் பார்த்தபோது, பழுப்பேறி உப்பிய குஞ்சுகள் சிலவற்றின் மார்பில் குண்டூசியால் துளைத்தாற்போல் வட்ட ஓட்டை இருந்தது. டமரிக்ஸியா என்னும் மிகச்சிறு குளவி, குஞ்சின் உடலைத் தின்று வளர்ந்து வெளியேறிய வாசல் அது. இதே சைலிட்டிடமிருந்து எலுமிச்சைத் தோட்டங்களைக் காப்பதற்காக 1978இல் இந்தியாவிலிருந்து இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட குளவி. அக்டோபரிலும் அது இங்கே வேலை செய்துகொண்டிருந்திருக்கும். நான்தான் சைலிட்டோடு சேர்த்து அதற்கும் மருந்தடித்தேன்.

இப்போது பெட்டியின் ஐந்து மரச்சட்டங்களில் தேனீப் புழுக்கள் இருக்கின்றன. ராணி ஒழுங்காக முட்டையிடுகிறது. நவம்பரில் நிரம்பிய இரண்டு தேனடைகளை எடுத்து, புட்டியோடு சேர்த்து ஆபத்தான கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைத்தேன். மனைவி இன்னும் அந்த மரத்தில் இலை பறிப்பதில்லை. ரசத்துக்கு அண்டை வீட்டில் கேட்டு வாங்குகிறாள்.