36 மணி நேர வெள்ளிக்கிழமை

அக்காவுக்குப் பிரசவம். பெரியம்மா ஜூன் மாதம் சான் பிரான்சிஸ்கோ கிளம்ப வேண்டும். டிக்கெட்டை முதலில் வாங்கிப் பார்த்தவர் பெரியப்பா. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், டைம்டேபிள் சரியாக இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது.

"வெள்ளிக்கிழமை விடியக்காலை 4 மணிக்கு மீனம்பாக்கம். அதே வெள்ளிக்கிழமை மதியம் 1 மணிக்கு அமெரிக்கா. ஒன்பதே மணி நேரமா? டெல்லிக்குப் போகவே நம்ம வண்டிக்கு ஒரு நாளுக்கு மேல ஆகுதே!"

தூரம் கேட்டார். துபாய் வரை சுமார் 2,900 கி.மீ., அங்கிருந்து இன்னொரு 13,000 என்றேன். காலண்டர் தாளின் பின்பக்கம் வகுத்தார். மணிக்கு 1,760 சொச்சம்.

"சத்தமே 1,200 சொச்சம்தான்டா போகும். சத்தத்தைவிட வேகமாப் பறந்த கான்கார்டு விமானத்தைக்கூட 2003லயே நிறுத்திட்டாங்க. இது என்ன விமானம்?"

டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் போடுவார்கள், ஜூனில் அவர்கள் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் என்று விளக்கினேன். ஆக, மொத்தம் இருபத்தொன்றரை மணி நேரம். மறுபடி வகுத்தார். 740. "நடுவுல ஜங்ஷன்ல வேற நிக்குது. சரி, நியாயமான வேகம்தான்."

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது. துபாயும் சான் பிரான்சிஸ்கோவும் பூமியின் எதிரெதிர் பக்கம், உலக உருண்டையில் நூல் பிடித்தால் மிகக் குறுக்கு வழி வட துருவத்தை ஒட்டித்தான் போகும், ஜூனில் அங்கே சூரியன் மறைவதே இல்லை என்று சேர்த்துச் சொன்னேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெரியம்மாவின் கை நின்றது. அவருக்கு வெள்ளிக்கிழமை விரதம். சாயங்காலம் விளக்கேற்றிய பிறகுதான் சாப்பாடு.

"அப்ப அன்னைக்கு எப்படா பொழுது சாயும்?"

கணக்குப் போட்டேன். துபாயில் விடிகிற பொழுது சான் பிரான்சிஸ்கோவில் இரவு எட்டரைக்குத்தான் சாய்கிறது. சுமார் 26 மணி நேரப் பகல். வெள்ளிக்கிழமையோ முப்பத்தாறரை மணி நேரம்.

வியாழக்கிழமைக்கு மாற்றக் கேட்டோம். மாற்றுவதற்குச் சொன்ன கட்டணத்தில் திருப்பதிக்குக் குடும்பத்தோடு போய் வரலாம். சுகர் மாத்திரை போடுகிறவர் பட்டினி கிடக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடைசியில் பெரியப்பாதான் தீர்ப்புச் சொன்னார்: "ரயில்வேல எந்த ஊருக்குப் போனாலும் ஒரே நேரம்தான். நீயும் சென்னை டைமையே வச்சுக்கோ. இங்க விளக்கேத்தினதும் நீ சாப்பிட்டுடு. அதுவரைக்கும் பாலும் பழமும்."

பெரியம்மா தலையாட்டினார்.

இறங்கியதும் போன் வந்தது. இங்கே சனிக்கிழமை விடியக்காலை ஒன்றரை மணி, பெரியப்பா தூங்கவில்லை.

"நம்ம டைமுக்குச் சாப்பிட்டியா?"

"எங்க நேரம் பாக்கறது? பக்கத்து சீட்டுப் பொண்ணு ஜன்னலை மூடிட்டா, ஒரே இருட்டு. பொழுது சாஞ்சிடுச்சுன்னு அப்பவே சாப்பிட்டுட்டேன்."

"எப்போ?"

"துபாய்ல ஏறினதும்."