கதவு எங்கே என்கிறார்கள்

மார்ச் 3, திங்கள்
சனிக்கிழமை ஆட்டத்துக்கான நிலவறை மேப் முடிந்தது. 22 அறைகள், 31 கதவுகள். ஃபவுண்டரியில், அதாவது கதையாட்டத்தைக் கணினியில் ஆட வைக்கும் மென்பொருளில், ஏற்றிப் பார்வையை மறைக்கும் சுவர்க் கோடுகளையும் இழுத்தாகிவிட்டது. மணிக்கட்டு வலிக்கிறது. அண்ணனிடம் காட்ட வழியில்லை.

மார்ச் 4
அழைப்பு வரவில்லை.

மார்ச் 5, புதன்
ஒத்திகைக்கு இரண்டு பேரை மட்டும் கூப்பிட்டேன். முதல் அறையிலேயே 20 நிமிடம் சுற்றினார்கள். "வழியே இல்லையே" என்கிறார்கள். எதிரே கதவு, இரும்புப் பட்டை அடித்தது, எனக்குப் பளிச்சென்று தெரிகிறது. "நல்லாப் பாருங்க" என்று நான் கொஞ்சம் எரிச்சலாகச் சொல்லிவிட்டேன்.

அவர்கள் போன பிறகு, இன்னொரு பிரவுசரில் ஆட்டக்காரர் கணக்கில் நுழைந்து பார்த்தேன். கதவு இருந்த இடத்தில் கருப்புப் பட்டை. ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டராக எந்த டோக்கனையும் (பாத்திரத்துக்கான காய்) தேர்ந்தெடுக்காமல் பார்த்தால் மேப் முழுவதும் தெரியும். இரண்டு வாரமாக அப்படியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தப்பு என்னுடையதுதான். அறையின் உள்விளிம்போடு கோடு போட்டிருந்தேன். பார்வை அந்தக் கோட்டிலேயே நின்றுவிடும். கதவின் படமோ கோட்டுக்கு அப்பால், சுவரின் கனத்துக்குள் இருக்கிறது. யார் கண்ணுக்குத் தெரியும்? இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

மார்ச் 6
எல்லாக் கோடுகளையும் சுவரின் நடுவுக்கு நகர்த்தினேன். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டால் கோடு கட்டத்தில் போய் ஒட்டாது, அது ஒன்றுதான் நிம்மதி. இப்போது எந்தப் பக்கம் நின்றாலும் பாதிக் கதவு தெரிகிறது. எனக்கு அது போதும்.

அண்ணனுக்குப் போதுமா? பழுப்புத் தரையில் பழுப்புக் கதவு. "விளிம்பெல்லாம் கலங்கலா இருக்குடா" என்று அன்றைக்குச் சொன்னான். கதவின் மேல் சின்ன ஐகான் ஒன்று வரும், உண்மைதான். ஆனால் அந்த இடம் டோக்கனின் பார்வைக்குள்ளும் வெளிச்சத்திலும் இருந்தால்தான் வரும். தீப்பந்தம் 20 அடிக்கு நல்ல வெளிச்சம், அடுத்த 20 அடிக்கு மங்கல். கட்டத்துக்கு 5 அடி என்றால் மொத்தம் 8 கட்டம். என் கூடம் 12 கட்டம் நீளம். கூடத்தின் அந்தக் கோடியில் என்ன இருந்தால் என்ன.

மார்ச் 6, இரவு
ஒவ்வொரு கதவுக்கும் ஒரு குட்டி விளக்கு வைத்தேன், மங்கலாக. கதவுப் படங்களை ஒரு பங்கு சிவப்பாக்கினேன். அழகு கெட்டுவிட்டது. போகட்டும்.

அண்ணி பேசினார். கண் கட்டு பிரிப்பது திங்களாம்.

மார்ச் 7
ரகசியக் கதவுகள் மூன்றுக்கும் சேர்த்து விளக்கு வைத்திருக்கிறேன்! அவற்றின் ஐகான் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் வெறும் சுவரில் ஒரு விளக்கு எரிந்தால் எவன் தட்டிப் பார்க்க மாட்டான்? தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பல நாளைக்குப் பிறகு.

மூன்றையும் எடுத்தேன்.

மதியம் இன்னொன்று. கல்லறை அறையின் மூலையில் இரண்டு கோடுகள் ஒட்டவில்லை, இரண்டு பிக்சல் இடைவெளி. அதன் வழியே வெளிச்சம் ஈட்டி மாதிரி உள்ளே பாய்கிறது. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு தொடர்ச்சியாக வரைந்திருந்தால் இந்த வேலையே இல்லை.

மார்ச் 8, சனி
ஆடினோம். யாரும் கதவைத் தேடவில்லை. மேற்குக் கதவை மட்டும் வலது கிளிக்கில் பூட்டி வைத்தேன். திறக்க முயன்றார்கள், கதை சொல்லித் தடுத்தேன். அது அண்ணன் உதைத்துத் திறக்க வேண்டியது. அவன் என்றைக்குக் கதவில் காது வைத்துக் கேட்டான்.

மார்ச் 9
தூக்கம் இல்லை. சிவப்பு இன்னும் கொஞ்சம் கூட்டலாமா?

கூட்டினேன். குறைத்தேன்.

மார்ச் 10, திங்கள்
காலையில் பிரித்துவிட்டார்களாம். அண்ணி அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாலை 6:10. கூடத்தை ஆட்டக்காரர் பார்வையில் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். திரையைப் பார்க்கலாமா என்று கேட்காமல் அனுப்பியது தப்பு. படத்தில் மூன்று கதவுகள். எத்தனை தெரியுது என்று மட்டும் கேட்டேன்.

6:55. "ரெண்டு."

6:56. "இரு."