பத்து கிராம் குஞ்சின் நாடி

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் "எங்க வேலை?" என்று கேட்டால் முன்பெல்லாம் "லேப்ல" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். சுகர் டெஸ்ட் எடுக்கிற லேப் என்று அவர்களாகவே நினைத்துக்கொள்வார்கள், எனக்கும் நிம்மதி. போன மாதம் ஒரு அக்கா விடவே இல்லை. பிறந்த எலிக்குஞ்சுக்கு ஈசிஜி எடுக்கிறேன் என்று உளறிவிட்டேன். செக்போஸ்ட் வரைக்கும் சிரித்தார். "எலிக்கும் அட்டாக் வருமா கண்ணு?"

அட்டாக் இல்லைக்கா, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி. நிமிடத்துக்கு 300 துடிப்பு என்றால் கணக்குப்படி இடைவெளி 200 மில்லி விநாடி. ஆனால் அளந்து பார்த்தால் 198, 203, 200, 197 என்று கூடியும் குறைந்தும்தான் வரும். மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் வேகம் கூடும், விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு கடிவாளத்தை இழுக்கும். இந்தக் கூடுதல் குறைச்சலுக்குத்தான் ஹெச்ஆர்வி என்று பெயர். வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு ஆபத்து வருவதற்கு முன்னால், சராசரி வேகம் மாறும் முன்பே, இந்த ஏற்ற இறக்கம் மாறிவிடுகிறது என்று 1960களிலேயே ஹான், லீ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கவனித்தார்கள். அதே யோசனையின் தொடர்ச்சியாக, அமெரிக்காவில் எடை மிகக் குறைவாகப் பிறந்த 3003 குழந்தைகளை வைத்து நடந்த ஒரு சோதனையின் முடிவு 2011இல் வந்தது. துடிப்பின் போக்கைக் கணக்கிட்டு டாக்டர்களுக்குத் திரையில் காட்டிய பிரிவில் இறப்பு 8.1 சதவீதம், காட்டாத பிரிவில் 10.2. அதனால் எலிக்குஞ்சு ஈசிஜி சிரிக்கிற விஷயம் மட்டும் இல்லை. இதையெல்லாம் பஸ்ஸில் சொல்ல முடியுமா, நானும் சேர்ந்து சிரித்துவிட்டு இறங்கினேன்.

நாங்கள் பார்ப்பது பிறந்த ஐந்தாம் நாள் குஞ்சுகள். பத்து கிராம் இருந்தால் அதிகம். முடி கிடையாது, கண் திறக்க இன்னும் ஒன்பது பத்து நாள் ஆகும், காதும் மூடித்தான் இருக்கும். தோல் அவ்வளவு மெல்லிசு என்பதால் குடித்த பால் வயிற்றில் வெள்ளைப் பட்டையாக வெளியே தெரியும். எடுப்பதற்கு முன்னால் கையுறையைக் கூட்டில் இருக்கும் தூளில் நன்றாகத் தேய்த்துக்கொள்ள வேண்டும், வேற்று வாடை பட்டால் தாய் குஞ்சைத் திரும்பச் சேர்க்காமல் போகலாம். குழந்தைகளுக்கு ஒட்டுகிற ஸ்டிக்கரைச் சின்னதாக வெட்டி மூன்று இடத்தில் ஒட்டி, ஜெல் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பார்த்து, அலுமினியத் தாள் சுற்றிய பெட்டிக்குள் வைத்து ஒயரைச் செருகினால், முதலில் வருவது குஞ்சின் துடிப்பு இல்லை, நம்ம ஊர் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். அதை அடக்கினால் அடுத்தது குஞ்சின் தூக்கம். இந்த வயதில் தூங்கும்போது காலும் வாலும் வெடுக் வெடுக்கென்று துள்ளிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு துள்ளலும் கோட்டில் ஒரு முள்ளாக விழும்.

முள்ளைத் துடிப்பு என்றும் துடிப்பை முள் என்றும் கம்ப்யூட்டர் எண்ணிவிடும், அங்கேதான் வினை. ஒரு நிமிடப் பதிவில் 300 துடிப்பு இருக்கிறது, அதில் ஒன்றே ஒன்றை அது தவறவிட்டது என்று வையுங்கள். அந்த இடத்தில் மட்டும் இடைவெளி 400 ஆகிறது. முன்னும் பின்னும் 200, 200 வித்தியாசம். இரண்டையும் வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்து வர்க்கமூலம் போட்டால் அந்த ஒரு தவறு மட்டுமே 16 மில்லி விநாடிக்கு மேல் மாறுபாடு காட்டும். குஞ்சின் நிஜமான மாறுபாடு இரண்டோ மூன்றோதான் இருக்கும். அதே காரணத்துக்காகத்தான் ஈசிஜி கோட்டில் விநாடிக்கு 1000 புள்ளி எடுத்தால் எனக்குப் போதவில்லை, 1 மில்லி விநாடி அங்கே இங்கே போனாலே அளக்க வந்த பொருளில் பாதி போய்விடும். இந்த ஏற்ற இறக்கத்தை வேகமான அலை, மெதுவான அலை என்று பிரிக்க மனிதர்களுக்கு 1996இல் வகுத்த அலைவரிசை எல்லைகளையும் இங்கே அப்படியே போட முடியாது. மூச்சுக்கு என்று ஒதுக்கிய 0.15 முதல் 0.4 ஹெர்ட்ஸ் என்பது நிமிடத்துக்கு 9 முதல் 24 மூச்சு, எலிக்குஞ்சோ நூறைச் சுற்றி மூச்சு விடுகிறது. (கைக்கடிகாரம் காட்டுகிற ஹெச்ஆர்வியை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறவர்களிடம் எனக்குப் பகை ஒன்றும் இல்லை.)

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டுத்தான் கோட்டை விட்டேன்.

எங்கள் கேள்வி சின்னது. தினமும் மூன்று மணி நேரம் தாயிடமிருந்து பிரித்து வைத்த குஞ்சுகளின் இதயத்தில் நரம்பின் பிடி வேறு மாதிரி வளர்கிறதா? நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க நாலு மாதம். பிரிக்காத எட்டு, பிரித்த எட்டு. காலையில் பதினாறையும் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, பிரிக்காததை முதலிலும் பிரித்ததை அப்புறமுமாக அளந்தேன், ஒரு குஞ்சுக்குப் பத்து நிமிடம். வித்தியாசம் அடித்துக்கொண்டு வந்தது. பிரித்த கூட்டத்தில் வேகம் குறைவு, மாறுபாடும் வேறு. கைடு மேடத்துக்கு அவ்வளவு சந்தோஷம், மாநாட்டில் வைக்கிற போஸ்டருக்குத் தலைப்பே சொல்லிவிட்டார்.

வேறு ஏதோ தேடப்போய் ஒரு ராத்திரி அதே எண்களைக் குழுவாகப் பிரிக்காமல், எந்த மணிக்கு எடுத்தேன் என்ற வரிசையில் போட்டுப் பார்த்தேன். ஒரே சரிவு. பிரிக்காத கூட்டத்துக்குள்ளேயே முதல் குஞ்சுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் நிமிடத்துக்கு ஐம்பது துடிப்புக்கு மேல் இறங்கியிருந்தது. தட்டு இருந்தது ஏசிக்கு நேர் கீழே. இந்த வயதில் குஞ்சு தன் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளாது, தாயும் கூடப் பிறந்ததுகளும்தான் அதற்குப் போர்வை. குளிர்ந்தால் இதயம் நிதானமாகிவிடும், நரம்புக்கும் அதற்கும் சம்பந்தமே வேண்டாம்.

அதோடு முடிந்தாலாவது பரவாயில்லை. பதினாறு குஞ்சு, பத்துப் பத்து நிமிடம், கணக்குப் போட்டால் இரண்டு மணி நாற்பது நிமிடம். "பிரிக்காத" கூட்டம் என்று நான் பெயர் வைத்ததையும் கூட்டை விட்டு வெளியே போட்டு நானே பிரித்து வைத்திருக்கிறேன். 1970களில் மைரன் ஹோஃபர் என்ற ஆராய்ச்சியாளர் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்: தாயிடமிருந்து எடுத்த இரண்டு வாரக் குஞ்சுகளைச் சூடாக வைத்திருந்தாலும் ஒரு நாளுக்குள் இதய வேகம் வெகுவாக விழுந்தது, வயிற்றுக்குக் குழாய் வழியே பால் கொடுத்தபோதுதான் பழைய நிலைக்கு வந்தது. படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். தட்டைத் தூக்கி ஏசிக்குக் கீழே வைக்கும்போது ஞாபகம் வரவில்லை.

மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ராத்திரி முழுக்க ஓட்டைத் தட்டிக்கொண்டிருந்த சமயம் எங்கள் வீட்டு ஆடு இரண்டு குட்டி போட்டது. அம்மா டார்ச்சோடு போய் ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், வாய் சில்லென்று இருந்தால் சாக்கில் சுற்றி அடுப்பங்கரைக்கு. நான் லேப் கதையைச் சொன்னேன். "அட, நீ என்ன சாமி, முதல்ல சூடு பாக்க மாட்டயா?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, குட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மேடத்திடம் சொல்லத்தான் இரண்டு நாள் பிடித்தது. திட்டுவார் என்று நினைத்தேன். மௌனமாக இருந்துவிட்டு, போஸ்டரை நிறுத்து, திரும்ப எடு என்றார். இப்போது பெட்டிக்குள் 34 டிகிரி மெத்தை, வயிற்றுக்கு அடியில் மெல்லிய வெப்பமானி. தாயிடமிருந்து ஒரு தடவைக்கு இரண்டு குஞ்சுதான் எடுப்பது, பால் பட்டை தெரியாத குஞ்சை அன்றைக்கு அளப்பதில்லை. இன்னொன்றும் திருந்தியது: ஒரே ஈற்றில் பிறந்த எட்டும் ஒன்றுபோல் இருக்கும் என்பதால் எட்டு சாட்சி ஆகாது, ஒரு தாய்க்கு ஒரு சாட்சிதான். அதனால் எண்ணிக்கை சுருங்கி, வேலை இன்னும் ஆறு மாதம் நீண்டுவிட்டது.

திரும்ப எடுத்த முதல் இரண்டு ஈற்றில் பழைய வித்தியாசத்தில் பெரும்பகுதி காணாமல் போய்விட்டது. கொஞ்சம் மிச்சம் இருக்கிறது போலவும் தெரிகிறது, இரண்டு தாயை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அடுத்த ஈற்று வியாழக்கிழமை ஐந்தாம் நாள் ஆகிறது. எந்தக் குஞ்சு முதலில் என்று குலுக்கிப் போட்டு எடுக்கச் சீட்டு எழுதி டிபன் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.